நவாபின் படைக்கு என்ன நிறம்

1

சென்ற சனிக்கிழமை மதியம், இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் தேவாலயக் கூடத்தில், ஆற்காட்டு நவாபின் படை அடையாற்றங்கரையில் இரண்டாவது முறையாகத் தோற்றது. முதல் தோல்வி நடந்து முந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. அது அசல் அடையாற்றில், சாந்தோமுக்குப் பக்கத்தில். அப்போது ஜெயித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இந்த முறை ஜெயித்தவர் கெவின் என்கிற ஓய்வுபெற்ற குழாய் ரிப்பேர்க்காரர். இடது கையில் முட்டை சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆற்றைக் கடந்தார்.

ஊரிலிருந்து யாராவது 'அங்கே என்ன பண்றே' என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். சாயங்காலங்களில் என்ன பண்ணுகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் இப்போது நானே சொல்கிறேன். சாயங்காலங்களில் நான் ஆறு மில்லிமீட்டர் உயரமுள்ள ஈய மனிதர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்.

ஒரு பொன்னி அரிசியை எடுத்து நிற்க வையுங்கள். அதுதான் உயரம். அதற்குள் தொப்பி, கோட்டு, துப்பாக்கி, முகம் எல்லாம் இருக்கிறது. பத்திருபது பேரை ஒரு தீப்பெட்டி அளவு அட்டையில் வரிசையாக ஒட்டி, அவர்கள் காலடியில் மண், புல், கல் எல்லாம் அமைக்க வேண்டும். இதற்கு பேஸ் போடுவது என்று பெயர். இப்படிப் பல நூறு பேர் சேர்ந்ததும் ஒரு பெரிய மேஜையில் ஆறு, தோப்பு, மேடு எல்லாம் வைத்து, பகடை உருட்டி, பழைய போர் ஒன்றை மறுபடி நடத்துவோம். தள்ளி நின்று பார்த்தால் படை. கிட்டே வந்து பார்த்தால் யாரோ பருப்பைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் எல்லாருமே ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். முழங்கால் வலியால் தன் படையைக் குனிந்து பார்க்க முடியாத தளபதிகள்.

இந்த அளவில் கண் கிடையாது, மூக்கு கிடையாது. முகம் என்பது ஒரே ஒரு புள்ளி. நிறம் மட்டும்தான் முகம். அதற்காகக் கடையில் 'சதை' என்று பெயர் ஒட்டிய சிறு குப்பி விற்கிறார்கள். யாருடைய சதை என்று போட்டிருக்காது. திறந்து பார்த்தால் உள்ளே கெவின்.

சங்கத்தில் எனக்கு 'பித்தான் எண்ணுகிறவன்' என்று பெயர். இந்தப் பொழுதுபோக்கில் அது ஒரு வசவு. சரித்திரத்தில் கோட்டுக்கு எட்டுப் பித்தான் என்றால், அரிசி அளவு மனிதனுக்கும் எட்டு வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் என்று அர்த்தம். சங்கம் வருடந்தோறும் நடத்தும் கண்காட்சியில், போன வருடம், கெவின் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பெயிண்ட் அடித்த ஜெர்மானியப் படையைப் பார்த்து, 'நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டைக் கைமடிப்பின் சிவப்பு இருபது வருடம் பிந்தியது' என்று சொன்னேன். கெவின் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். இந்த வருடம் அடையாற்றுப் போரை நான் நடத்துகிறேன் என்று பெயர் கொடுத்தபோது முதலில் கைதட்டியது அவர்தான். காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

2

என் மகள் பெயர் வைதேகி. பள்ளியில் அதை 'வை' என்று சுருக்கிவிட்டார்கள். ஆங்கிலக் காதில் அது 'ஏன்' என்று விழும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நானும் என் மனைவியும் ராப்பகலாக யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

நாலு வயதில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொன்னாள். பத்து வயதில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. பதினாலில் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்கினாள். தோளுக்கு மொழி இல்லை என்பதால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு சம்பவம் நடந்தது. அவளுக்கு ஆறேழு வயதிருக்கும். வகுப்பில் எல்லாரும் தங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு பையன் அயர்லாந்து என்றான், ஒரு பெண் போலந்து என்றாள். வைதேகி எழுந்து 'மேற்கு மாம்பழம்' என்றாள், ஆங்கிலத்தில். நான் பிறந்து வளர்ந்தது மேற்கு மாம்பலம். ஆசிரியை உருகிப்போய் அதை வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார். பெரிய மஞ்சள் பழம், அதன் இடது பக்கத்தில் ஒரு வீடு, வாசலில் நான். படத்தை ஓடிவந்து நீட்டினாள். நான் படத்தைப் பார்த்துவிட்டு, மாம்பலத்துக்கு ல, மாம்பழத்துக்கு ழ, நாக்கை மடித்துச் சொல்லு என்று ஆரம்பித்தேன். பாடம் சாப்பாட்டு நேரம் வரை போயிற்று. ழ வரவே இல்லை. ல தான் வந்தது. அதற்கப்புறம் அவள் என்னிடம் தமிழில் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை.

ஜெர்மானியர்களின் கைமடிப்பு மட்டும் இல்லை, எல்லாவற்றையும் இப்படித்தான் செய்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்லும்போது வாக்கியத்தில் ஒரு சின்னத் தப்பு இருக்கும். அதைச் சொல்லிக்காட்டுவேன்.

3

ஈஸ்டர் விடுமுறைக்கு நானும் வைதேகியும் சென்னை போனோம். மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலையில் லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வாரத்தில், சனிக்கிழமை, கண்காட்சி. கையில் இருந்ததோ ஒரு பிஸ்கட் டின் நிறைய பெயிண்ட் அடிக்காத ஈயம். ஆகவே ஆற்காட்டு நவாபின் படை, யானை உட்பட, என் கைப்பையில் சென்னைக்கு வந்தது.

மயிலாப்பூரில் அக்கா வீட்டில் தங்கினோம். என்னைவிட பன்னிரண்டு வயது பெரியவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். டின்னைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே பார்த்தாள்.

"என்னடா இது, எள்ளா?"

"படை."

"யாரோடது?"

"ஆற்காட்டு நவாபோடது."

"அவருக்குத் தெரியுமா நீ பிஸ்கட் டப்பாவுல போட்டு எடுத்துண்டு வந்தது?"

சாப்பாட்டு மேஜையில் பாதியை எனக்கு ஒதுக்கினாள். மறு பாதியில் அத்திம்பேர் பேப்பர் படித்தார். அவர் ரொம்ப அமைதியான மனிதர். மேஜையில் குதிரைப்படை நிற்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தார். கவனித்துவிட்டு, தன் காபி டம்ளரை ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பேஸ் போட மணல் வேண்டும் என்றேன். சங்கத்தில் இதற்கென்று சலித்த மணலைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அக்கா சமையலறைக்குப் போய்ப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கோலமாவு. பசையைத் தடவி மேலே தூவிப் பார்த்தேன். பாக்கெட் மணலைவிட நேர்த்தியாக உட்கார்ந்தது.

"வாசல்ல கோலம் போடற மாவு மேல சண்டை போடப் போறவா இவாதான் முதல் ஆளா இருப்பா" என்றாள்.

வைதேகி சோபாவில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அவள் சொன்ன தமிழ் வார்த்தைகள் இரண்டு: 'அத்தை', 'போதும்'. இரண்டாவது, தோசைக்கு.

4

தரைக்கு நிறம் பார்க்க ஆற்றங்கரைக்குப் போனோம். வீட்டில் இணையம் அறுந்துவிட்டதால் வைதேகியும் வந்தாள். ஆட்டோக்காரர் வாட்டசாட்டமான ஆள், சைதாப்பேட்டைக்காரர். சாந்தோம் தாண்டி, பாலத்துக்கு முன்னால், ஆறு தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன்.

"அங்க இன்னா சார் கீது? சேறும் கொசுவும்தான் கீது."

"அங்க ஒரு சண்டை நடந்தது."

"எப்போ, நேத்தா?"

"முந்நூறு வருஷம் இருக்கும்."

"யாருக்கும் யாருக்கும்?"

"ஆற்காட்டு நவாபுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும். மெட்ராஸ் யாருக்குன்னு."

அடுத்த சிக்னல் வரை யோசித்தார். "அப்ப சைதாப்பேட்டை கோர்ட்ல இன்னும் வாய்தா போய்க்கினு இருக்கும் சார்."

கரையில் இறங்கி நின்றோம். நவாபின் படை இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் நின்றன. ஆட்டோக்காரரும் இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து, தானும் ஒரு தளபதி போலப் பார்த்தார்.

"நவாபு தோத்துட்டாரா? எத்தினி பேரை இட்டுக்கினு வந்தாரு?"

"பத்தாயிரம்னு சொல்றாங்க. எதிர்ல சில நூறு பேர்தான்."

"பிரியாணி போட்டு இட்டாந்த கூட்டமா இருக்கும் சார். அது நிக்காது."

சரித்திரப் புத்தகங்கள் இதையே பல பக்கங்களில் சொல்கின்றன.

"நாங்க ஆத்தோரம்தான் சார் இருந்தோம். இங்க இல்ல, மேல, சைதாப்பேட்டையாண்ட. வூட்டைத் தூக்கி ஊருக்கு அந்தாண்ட போட்டாங்கோ" என்றார், ஆற்றைப் பார்த்தபடியே. "அதுக்கு சண்டைகூட நடக்கல."

பிறகு அவர் பேச்சை மாற்றினார். "பாப்பா இன்னா சார், சேத்தைப் போட்டோ புடிக்குது?"

வைதேகி குந்தி உட்கார்ந்து, போனைத் தரையோடு தரையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சேறு, பக்கத்தில் தன் செருப்பு, மறுபடி சேறு. எழுந்து வந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது பழுப்பே இல்லை. சாம்பலில் ஊதா கலந்திருக்கு. நீ எல்லா நாட்டுக்கும் ஒரே பழுப்பு அடிக்கிறே."

பித்தான் எண்ணுகிறவனாகிய நான் பல வருடங்களாக ஐரோப்பாவின் எல்லாப் போர்களையும் ஒரே குப்பியிலிருந்துதான் நடத்திவந்தேன். குனிந்து பார்த்தேன். சாம்பலில் ஊதா கலந்திருந்தது.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமல், அவள் மேஜைக்கு வந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அவள் தானாக வந்து என் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் மூச்சைச் சத்தமில்லாமல் விட்டேன். வீட்டுக்குள் தப்பிவந்த குருவியை ஜன்னலோரம் பார்த்தால் எப்படி இருப்போமோ, அப்படி இருந்தேன்.

5

அன்றைக்குப் பார்த்து எனக்கு தி.நகரில் பேங்க் வேலை. அப்பா காலத்துக் கணக்கு ஒன்று. நான் நான்தான் என்பதை நேரில் வந்து காட்டாவிட்டால் முடக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது வைதேகி நிமிர்ந்து, ஆங்கிலத்தில், முகங்களுக்கு என்ன நிறம் என்று கேட்டாள். குதிரைகளும் கோட்டுகளும் முடிந்திருந்தன. தலைப்பாகையும் முகமும்தான் பாக்கி. 'சதை' குப்பி பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும்தான் உதவும். அவர்கள் பக்கத்திலும் பாதிக்கு மேல் நம்மூர்ச் சிப்பாய்கள்.

"நம்மாட்களுக்கெல்லாம் மாநிறம்" என்றேன், லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓகே" என்றாள். அர்த்தம் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டாளே என்று, படியிறங்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பேங்கில் ஒரு இளம்பெண் அதிகாரி என் பழைய போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துவரல சார்."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது."

"போட்டோவும் ஒத்துவரல. இதுல நல்ல மாநிறமா இருக்கீங்க. இப்ப வெளுத்துப் போயிருக்கீங்களே. உடம்புக்கு ஏதாவது?"

"இங்கிலாந்து" என்றேன்.

"ஐயோ" என்று அனுதாபப்பட்டு, மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் வந்து என்னைப் பக்கவாட்டில் பார்த்தார். காது மட்டும் ஒத்துப்போகிறது என்று சொன்னார். காதின் பேரில் கணக்கைப் புதுப்பித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பினேன். சாப்பாட்டு மேஜையில், மின்விசிறிக்குக் கீழே, நவாபின் படை முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. தலைப்பாகைகள் வெள்ளை, பச்சை, சிவப்பு. கோடு பிசகாமல், நான் அடிப்பதைவிடச் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு தலைப்பாகைக்கும் கீழே பிரகாசமான ஆரஞ்சு மஞ்சளில் ஒரு முகம். குதிரைவீரர்கள் மஞ்சள். பீரங்கிக்காரர்கள் மஞ்சள். யானைப்பாகன் மஞ்சள். பிரெஞ்சுக்காரர்களின் சிப்பாய்களும் பாரபட்சமில்லாமல் மஞ்சள். யானை மட்டும் சாம்பலாக இருந்தது.

பெயிண்ட் குப்பிகளுக்கு நடுவே ஒரு சாஸர். அதில் ஒரு துண்டு பங்கனபள்ளி. அந்த வருடத்தின் முதல் பழம், அக்கா காலையில் தெற்கு மாட வீதியில் வாங்கியது. துண்டின் ஓரத்தில் பிரஷ் பட்ட தடம்.

"சரியா இருக்கா?" என்றாள் வைதேகி.

தமிழில் கேட்டாள். மூக்கு நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. "மா நிறம். பாத்து பாத்து கலந்தேன். மூணு தடவை வரலை."

மா என்றால் மா. மாங்காய், மாமரம், மாவிலை. நாங்கள் வேறு மேற்கு மாம்பழத்துக்காரர்கள். அவள் தர்க்கத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

அக்கா எனக்கும் மேஜைக்கும் நடுவில் வந்து நின்றாள். "காபி. வாயைத் தொறக்கறதுன்னா குடிக்கத் தொற."

6

டம்ளரோடு சமையலறைக்குள் போனேன்.

"அக்கா, மாநிறம்னா மாம்பழம் இல்லை."

"எனக்கா சொல்றே? என்னைப் பத்திப் பேப்பர்லயே போட்டாளே."

எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. மாம்பலத்தில் நான் அரை டிராயர் போட்டிருந்த காலத்தில் அப்பா அவளுக்கு வரன் தேடி விளம்பரம் கொடுத்தார். எம்.எஸ்ஸி. கணிதம், நல்ல குடும்பம், மாநிறம். வந்த பதில்கள் குறைவு. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள், அதில் ஒரு வார்த்தை நமக்கே எதிராக வேலை செய்கிறதே என்று அப்பா வருத்தப்பட்டார். அடுத்த தடவை மாநிறத்தை எடுத்துவிட்டு சிவப்பு என்று போட்டார். உடனே திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா அக்காவை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தி.நகர் ஜவுளிக்கடையில் புடவையைத் திருப்பிக் கொடுக்கிற குரலில், "பேப்பர்ல வேற நிறம் போட்டிருந்தேளே" என்றாள்.

"சாயம் போயிடுத்து மாமி" என்றாள் அக்கா.

பஜ்ஜித் தட்டு அப்படியே இருந்தது. அவர்கள் போனதும் அதை நான்தான் சாப்பிட்டேன். அப்பா பிறகு விளம்பரமே கொடுக்கவில்லை. சில வருடம் கழித்து அத்திம்பேர் வந்தார். அவர் அன்றைக்கும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார். அக்கா கொண்டுவந்த காபியை நிமிராமலே வாங்கிக்கொண்டு, நன்னா இருக்கு என்றார். அக்கா அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டாள்.

"எனக்கு அப்பவே மாம்பழ நிறம்னு போட்டிருந்தா தெருக்கோடி வரைக்கும் கியூ நின்னிருக்கும்" என்றாள் இப்போது, பாத்திரத்தைத் துடைத்தபடி. "குழந்தை தமிழ்ல யோசிச்சுப் பண்ணியிருக்கா. பழத்தை நறுக்கி வெச்சுண்டு, பொறுமையா. நீ அதைத் திருத்தப் போறே."

"சங்கத்துல சிரிப்பாக்கா."

"உன் சங்கத்துல யாராவது அந்தச் சண்டையை நேர்ல பாத்திருக்காளா?"

"கெவின்னு ஒருத்தர் இருக்கார். அவர் காத்துண்டிருக்கார்."

"காத்துண்டிருக்கட்டும்." துணியைக் கொடியில் போட்டாள். "ஆனா நீ சொல்லிடுவே. எனக்கு உன்னைத் தெரியும். பிளேன் ஏறதுக்குள்ள சொல்லிடுவே. பித்துக்குளி."

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. கடைசி வேலையாக, தண்ணீராகக் கரைத்த பழுப்பு நிறத்தை எல்லார் மேலும் ஒரு பூச்சு விடுவது வழக்கம். மடிப்புகளில் இறங்கி நிழல் கொடுக்கும். மாம்பழ மஞ்சள் மேல் அது விழுந்தால் வருவது சுத்தமான, அக்மார்க் மாநிறம். இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். மூன்று தடவை வராமல் நாலாவது தடவை வந்த நிறம் அது.

ஊருக்குக் கிளம்புவதற்குள் அந்தப் பழுப்புக் குப்பியைப் பெட்டியிலிருந்து பல தடவை எடுத்தேன். ஒரு தடவை வைதேகி பார்த்துவிட்டாள்.

"அது எதுக்கு?"

"யானைக்கு" என்றேன்.

சொல்லிவிட்டதால் யானைக்கு அடித்தேன். பிறகும் குப்பியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் யானைக்கே அடித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அந்த யானைதான்.

7

விமான நிலைய வாசலிலேயே டின்னைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே என்ன என்று கேட்டார் காவலர். வாய் தவறி 'படை' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. வைதேகி என்னை ஒதுக்கிவிட்டு, "பொம்மை" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். "ஏன் எல்லாருக்கும் மஞ்சள் பூசியிருக்கு? கல்யாணமா?" என்றார். நான் வேகமாக டின்னை மூடினேன். அக்கா வாசல் கண்ணாடிக்கு வெளியே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறக்கவில்லை. பிளேன் ஏறினோம்.

சனிக்கிழமை. தேவாலயக் கூடம். மேஜையில் அடையாறு, சாம்பலில் ஊதா கலந்த கரை, கோலமாவுத் தரை. எங்கள் பக்கம் நானும் வைதேகியும் நவாபின் தளபதிகள். வர முடியாது என்று சொல்லியிருந்தவள், காலையில் காரில் தானாக ஏறி உட்கார்ந்தாள். சுற்றிலும் சங்கத்தார் தேநீர்க் கோப்பைகளோடு நின்றார்கள். கெவின் சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அது புதியது, விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

என் குதிரைப்படையை நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார்.

"உங்கள் ஆட்களுக்கு மஞ்சள் காமாலையா?" என்று கேட்டார்.

 எதிர் மேஜையில் நெப்போலியனின் போர் ஒன்று பாதியில் நின்றது. வைதேகி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

இந்தச் சங்கத்தில் நான் சம்பாதித்தது ஒன்றே ஒன்றுதான். நான் சொன்னால் அது சரியாக இருக்கும். யாருக்கும் என்னைப் பிடிக்காது, ஆனால் எல்லாரும் என்னிடம் கேட்பார்கள்.

"இல்லை. அதுதான் நிறம்" என்றேன். "எங்கள் மொழியில் எங்கள் தோலுக்கு அதுதான் பெயர். மாம்பழ நிறம்."

கெவின் புருவத்தை உயர்த்தினார். "ஆதாரம்?"

"குடும்ப ஆதாரம். என் அக்காவைப் பற்றிச் செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது."

கெவின் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மரியாதையாகத் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற ஒருவர், அழகான விஷயம், தன் பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். இனி இந்த வட்டாரத்தில் தமிழர் நிறம் மாம்பழம்தான். நான் சாகும்வரை அதை யாரும் திருத்தப்போவதில்லை. திருத்தக்கூடிய ஒரே ஆள் நான்.

கெவின் ஆற்றில் இறங்கினார். சாண்ட்விச்சைக் கையில் எடுத்தார். அப்போது வைதேகி என் பக்கம் சாய்ந்து, அத்தனை பேர் நடுவிலும், மெதுவாக, தமிழில் சொன்னாள்:

"அப்பா, மாநிறம்னா அது இல்லையாமே."

"யார் சொன்னா?"

"அத்தை. நீ அன்னிக்கு காபி குடிச்சிட்டு குளிக்க போனல்ல, அப்பவே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் மாத்தலை?"

"பெட்." பகடையைக் கையில் குலுக்கினாள். "பிளேன் ஏறதுக்குள்ள நீ கரெக்ட் பண்ணுவேன்னு அத்தை சொன்னா. மாட்டேன்னு நான் சொன்னேன். நான் தோத்தா வீட்ல தமிழ்லதான் பேசணும். அத்தை தோத்தா போன்ல இங்கிலீஷ்லதான் பேசணும். லாஸ்ட் வீக்லேர்ந்து அத்தை இங்கிலீஷ்தான்."

போன வாரம் முழுக்க அக்கா போன் பண்ணும்போதெல்லாம் பள்ளிக்கூடக் கூட்டத்தில் பேசுவதைப்போல ஆங்கிலத்தில் பேசியதற்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக, பந்தயத்தில் ஜெயித்தது வைதேகி. இனி அவள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேச வேண்டிய கட்டாயம் இல்லை. அதை அவள் எனக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் கெவினின் சிப்பாய்கள் கரையேறினார்கள். எங்கள் வரிசை ஆடத் தொடங்கியது. வைதேகி குனிந்து, முன்வரிசையில் சாய்ந்திருந்த ஒரு அட்டையை நுனிவிரலால் நேராக்கி வைத்தாள்.

"பரவால்லப்பா. மாம்பலம் கலர்தான் நல்லா இருக்கு" என்றாள்.

ல போட்டுத்தான் சொன்னாள்.

"உருட்டு" என்றேன்.